குமிழ் தேய்ந்த அடுப்பு

கல்குடாக் கரையில் எங்கே தோண்டினாலும் மணல்தான். பாசிக்குடாவுக்கு வெளிநாட்டாரை வரவழைக்கிற அந்த வெள்ளை மணல் அடுப்புக்கு ஆகாது. கடல்மணலில் உப்பு நிற்கும். உப்பு ஈரத்தை இழுக்கும். மாரி பிறந்ததும் பூச்சு பொருக்குப் பொருக்காய் உதிரும். அதனால் இங்கே அடுப்பு பூச நினைப்பவர்கள் உள்ளே, வயல் பக்கம் போய்ப் புற்றுமண் அள்ளி வருகிறார்கள்.

நான் தேடிப்போன மாமி அடுப்பு வனைபவர் அல்ல, அடுப்பு பார்ப்பவர். அயலில் எந்தக் குசினியில் அடுப்பு வெடித்தாலும் அவருக்குத்தான் ஆள் வரும். அன்று அடுத்த வளவில் ஒரு அனகி அடுப்பு காத்திருந்தது. எண்பதுகளில் இலங்கை மின்சார சபையும் பிரித்தானியத் தொண்டு நிறுவனமொன்றும் சேர்ந்து பரப்பிய, சுட்ட களிமண் அடுப்பு அது. ஒரு வாயில் விறகு வைத்தால் முன்சட்டியைத் தாண்டும் சூடு பின்சட்டிக்கும் போகும். விறகு மிச்சம். ஆனால் சுட்ட அடுப்பை அப்படியே வைத்து எரித்தால் சீக்கிரம் வெடித்துவிடும். சுற்றிலும் மண் அணைத்துப் பூசினால் பல வருடம் உழைக்கும்.

மாமி முதலில் சாம்பலை வழித்தெடுத்தார். பிறகு சட்டி தாங்கும் குமிழ்களின் மேல் ஒரு சட்டியை வைத்து, சட்டிக்கும் அடுப்பு விளிம்புக்கும் நடுவே விரலை நுழைத்தார். விரல் போகவில்லை. “பாத்தியா மனே, குமிழ் தேஞ்சிட்டு. புகை எங்கால போகும்?” என்றார்.

முழு விஷயமும் அந்த விரலளவு இடைவெளியில்தான் இருக்கிறது. குமிழ் தேய்ந்தால் சட்டி கீழே உட்கார்ந்து நெருப்பின் மூச்சை அடைக்கும். விறகு எரியாமல் புகையும். குமிழ் உயர்ந்தால் சூடு சட்டியில் படாமல் ஓடிவிடும். வீட்டுக்குள் சேரும் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் ஒரு பங்காவது இப்படித் தேய்ந்த குமிழ்களுக்குச் சேரும் என்றே நான் நம்புகிறேன்.

தேய்ந்த இடத்தைக் கத்தியால் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, தண்ணீர் தெளித்து ஊறவிட்டார். காய்ந்த மண்ணில் ஈரமண் ஒட்டாது. புற்றுமண்ணோடு உமியும் சாணமும் பிசைந்து, உருட்டி, பெருவிரலால் அழுத்தி அழுத்திக் குமிழை எழுப்பினார். உமி, வெடிப்பு ஓடாமல் பிடிக்கும். அது எரிந்தபின் விட்டுச்செல்லும் நுண்துளைகள் சூட்டை வெளியே போகவிடாது. விறகு உரசி உரசி உடைந்த வாயோரத்துக்கும் அதே மண்தான்.

“ஈர அடுப்புல எடுத்த எடுப்புல பெருநெருப்பு வைக்காத புள்ள,” என்று வீட்டுக்காரப் பெண்ணுக்குச் சொன்னார். உள்ளே நிற்கும் நீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் பூச்சைப் பிளக்கும். நிழலில் காயவிட்டு, பிறகு சுள்ளியும் பன்னாடையும் போட்டுச் சிறு தீயில் பழக்க வேண்டும். கரையொதுங்கிய மரத்தை எரிக்கவே கூடாதாம், அதிலும் உப்பு.

நோர்வேயிலும் கனடாவிலும் நம்மவர் வீடுகளில் இரும்பு விறகடுப்பு உண்டு. அதன் உள்ளே அடுக்கும் சூளைக்கல்லும் கதவோரத்துக் கயிறும் தேயத்தேய மாற்றப்படுகின்றன. நெருப்பின் அடியை வாங்கும் பாகம் தேய்ந்து அடுப்பின் உடலைக் காக்கிறது என்ற அதே கணக்கு. அங்கே அதற்குக் கடை இருக்கிறது, கூலி இருக்கிறது.

இங்கே 2022 ஏப்ரலில் 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறியது, அதுவும் கிடைக்கவில்லை. மூலையில் கிடந்த அடுப்புகளைத் தூக்கி வந்தவர்கள் அப்போது மாமியைத்தான் தேடினார்கள். கூலி என்று கேட்டால் இரண்டு தேங்காய், சில வேளை ஒரு கொத்து அரிசி. மேசனுக்கு நாள்கூலி பேசுகிற ஊர் இதற்குப் பேசாதது எனக்குச் சரியாகப் படவில்லை. தையல் வகுப்பும் கேக் வகுப்பும் ஊருக்கு ஊர் நடக்கின்றன. அடுப்பு பூசவும் ஒரு வகுப்பு வைக்கலாம். படிப்பிக்க ஆள் கல்குடாவிலேயே இருக்கிறார். சம்பளம் கொடுத்துக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.