ஆணிவேர்ப் பிரசங்கம்

நான் கணக்கு வாத்தியார். பத்தாம் வகுப்புக்கு இருபடிச் சமன்பாடு நடத்தும்போதெல்லாம் பாடத்தைவிட எனக்குப் பிடித்தது, அதற்கு முன் நான் செய்யும் பிரசங்கம்தான். "மூலம் என்றால் வேர். செடிக்கு வேர், சொல்லுக்கு வேர்ச்சொல், எண்ணுக்கு வர்க்கமூலம். எல்லாம் ஒன்றே! மண்ணுக்குள் மறைந்து மேலே இருப்பதைத் தாங்குவது வேர். ஆணிவேர் ஒன்றுதான்." பிள்ளைகள் சொக்கிப்போவார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரிகூடப் பாராட்டினார்.

ஒருநாள் ஒரு பையன் எழுந்தான். "சார், 0.25-க்கு வர்க்கமூலம் 0.5. மரத்தைவிட வேர் பெரிசா?" பதில் இல்லை. "அதிகப்பிரசங்கி, உட்கார்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் அப்புறம் வாய் திறக்கவில்லை.

அறியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன். மண்ணுக்குள் கிடக்கும் இஞ்சியும் உருளைக்கிழங்கும் தண்டு, வெளியே தொங்கும் ஆலம்விழுது வேர், நெல்லுக்கு ஆணிவேரே கிடையாது என்பதெல்லாம் அவர்களுடைய அறிவியல் புத்தகத்திலேயே உண்டு. 'நடந்தான்' என்பதன் பகுதியான 'நட' எங்கும் ஒளியவில்லை. ஏவலாகத் தனியே நிற்கிறது. மறைந்த வேர் வேண்டுமென்றால் அரபிக்குப் போகவேண்டும். கிதாப் என்றால் புத்தகம், காதிப் என்றால் எழுதுபவர். இரண்டுக்கும் பொதுவான க்-த்-ப் என்ற மூன்று மெய்களைத் தனியே யாரும் பேசுவதில்லை. அந்த அரபியில்தான் 9ஆம் நூற்றாண்டில் அல்-குவாரிஸ்மி, தெரியாத எண்ணை வேர் என்றார். அதன் வர்க்கத்தையோ மரம் என்று சொல்லவில்லை. செல்வம் என்று பொருள்படும் 'மால்' என்றார். என் மரம் நானே நட்டது.

கணக்கில் மூலம் எதையும் தாங்குவதில்லை. x² − 5x + 6 = 0 என்பதில் x-க்கு 2 அல்லது 3 போட்டால் இடப்பக்கம் பூஜ்யமாகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. இதைப் பொறுமையாகப் போட்டுக் காட்ட ஒரு பாடவேளை வேண்டும், கைதட்டலும் கிடைக்காது. எனக்குக் கைதட்டல் வேண்டியிருந்தது.

அந்த ஆண்டுத் தேர்வில் x² = 25 என்று ஒரு கணக்குக் கொடுத்தேன். பலர் 5 என்று மட்டும் எழுதி, −5-ஐ விட்டுவிட்டார்கள். வேர் ஒன்றுதான் என்று அவர்களுக்குச் சொன்னவன் நான். ஆளுக்கு ஒரு மதிப்பெண் குறைத்தேன்.