ஐயாவின் ஒஸ்ரின் கார்

எங்கள் வீட்டுக் கொட்டிலிலே பதின்மூன்று ஆண்டுகளாக ஒரு மோட்டார்க் கார் உறங்கிக் கிடந்தது. கிடுகுக் கூரையின் ஒழுக்கு அதன் முகட்டிலே துருக்கோடுகள் கீறியிருந்தது. பின்னாசனத்தின் கிழிசலிலே கோழிகள் அடைகாத்துக் குஞ்சு பொரித்தன. 1953ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த ஒஸ்ரின் ஏ-40 சொமர்செற் அது. ஐயா அதனை 1961இல் ஒரு டாக்குத்தரிடமிருந்து பழையதாகவே வாங்கிச் சுன்னாகம் சந்தியில் வாடகைக்கு ஓட்டினார். நானும் தங்கையும் உண்டதும் உடுத்ததும் படித்ததும் அந்தக் காரின் வருவாயிலேதான். 2005இல் ஐயா காலமானார். அதன்பின் அதன் திறப்பை எவரும் தொடவில்லை. ஐயா இருந்த ஆசனத்தில் ஏறி அமர எனக்கு மனம் வரவில்லை என்பதே உண்மை.

2018 மார்கழி விடுமுறைக்குத் தங்கையின் மகன் ரொறன்ரோவிலிருந்து வந்தான். அவனுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. அங்கே தன் நண்பனொருவனின் வீட்டுக் கராஜிலே 1969ஆம் ஆண்டுப் பொன்ரியாக் ஜி.ரி.ஓ. ஒன்றை இருவருமாகப் புதுப்பித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னான். வட அமெரிக்காவிலே இஃது ஒரு பெரும் பித்து. நடுத்தர அளவுள்ள காரின் உடலுக்குள் மிகப் பெரிய எட்டுச் சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி இளைஞருக்கு விற்ற வண்டிகளை அவர்கள் ‘மசில் கார்’ என்பர். 1964இல் வந்த ஜி.ரி.ஓ. அந்த மோகத்தை நாடெங்கும் பரப்பிற்று. காப்புறுதிக் கட்டணம் ஏறியதும், புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்ததும், 1973இல் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்ததும் சேர்ந்து அதன் பொற்காலத்தை முடித்துவிட்டன. இன்று நரைத்த மனிதரும் நரைக்காத இளைஞரும் அந்த இரும்பைத் தேடிப் பிடித்து, வீட்டிலே வைத்து அரத்தாலும் தூரிகையாலும் உயிர்ப்பிக்கிறார்கள். மருமகனின் ஜி.ரி.ஓ.வுக்கு 6.6 லீற்றர் எஞ்சின், 350 குதிரைவலு. எங்கள் ஒஸ்ரினுக்கு 1.2 லீற்றர், 42 குதிரைவலு. இதைக் கேட்டபோது அவன் சிரித்த சிரிப்பில் அவமதிப்பு இல்லை; ஒரு குழந்தையின் சைக்கிளைப் பார்த்துச் சிரிப்பது போன்ற அன்பு இருந்தது.

அந்தப் பித்தர்களுக்குள்ளும் இரு சாரார் உண்டாம். ஒரு சாரார், பழைய உடலை வைத்துக்கொண்டு உள்ளே புதிய எஞ்சினும் புதிய பிறேக்கும் பூட்டி ஓட்டி மகிழ்பவர். மற்றச் சாரார், தொழிற்சாலையின் வாசலைக் கடந்த நாளில் வண்டி எப்படி இருந்ததோ அப்படியே இருக்கவேண்டும் என்பவர். எஞ்சினில் பொறித்த இலக்கமும் உடலில் பொறித்த இலக்கமும் ஒத்திருந்தாற்றான் அவர்கள் அதனை மதிப்பர். விலையும் அதற்கேற்றபடி ஏறும். மருமகன் இரண்டாவது சாராரைச் சேர்ந்தவன்.

கொட்டிலுக்குப் போய், மூக்கிலே பறக்கும் ‘ஏ’ எழுத்தைத் தாங்கிய மூடியைத் தூக்கிப் பார்த்தான். பார்த்ததும் முகம் சுளித்தான்.

“மாமா, இதிலே ஒஸ்ரின் எவ்வளவு, குப்பை எவ்வளவு?” என்று கேட்டான்.

அவன் குப்பை என்றதை நான் விளக்கவேண்டும். எஞ்சினுக்கும் ஆசனத்துக்கும் இடையிலுள்ள தகட்டிலே ஒரு பால்மாப் பேணி பூட்டப்பட்டிருந்தது. அதன் அடியில், பயிருக்கு மருந்தடிக்கும் கருவியிலிருந்து கழற்றிய பித்தளைக் குழாய்த்திருகு ஒன்று. எஞ்சினின் சூடான புகைக்குழாயைச் சுற்றி, பாம்பு மரத்தைச் சுற்றியதுபோல, ஏழெட்டுச் சுற்றுச் செப்புக் குழாய். இவை எல்லாம் ஐயாவின் கைவேலை.

1990 ஆனியில் மீண்டும் போர் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. மின்சாரமும் இல்லாமற் போயிற்று. கள்ளமாக வந்த பெற்றோலைச் சிறு போத்தல்களிலே மருந்துபோல் விற்றார்கள். மண்ணெண்ணெய் மட்டும், விலை கூடியதாயினும், கிடைத்தது. ஆகவே குடாநாட்டின் கார்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் மண்ணெண்ணெய் குடிக்கப் பழகின. இது கேட்பதற்கு எளிது. செய்வதற்கு அவ்வளவு எளிதன்று. பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் சூடேறினாலன்றி ஆவியாகாது. எனவே எஞ்சினைப் பெற்றோலிற் கிளப்பி, அது நன்கு காய்ந்தபின்பே மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். அந்தப் பால்மாப் பேணி பெற்றோலுக்கு. பெரிய தாங்கி மண்ணெண்ணெய்க்கு. கார்புரேற்றருக்குப் போகுமுன் மண்ணெண்ணெய் செப்புச் சுருளுக்குள்ளே ஓடிச் சூடேறும். உலகத்தில் வேறெவருக்கும் தோன்றாத உபாயம் என்று நான் பெருமை பேச வரவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்துப் பண்ணைகளில் ஓடிய பெர்குசன் உழவு இயந்திரங்களிற் சிலவும் இவ்வாறே பெற்றோலிற் கிளம்பி, மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் உழுதவைதாம். ஆனால் அவற்றை அப்படி வகுத்தவர்கள் பொறியியலாளர். ஐயா ஐந்தாம் வகுப்புவரை படித்தவர்.

இன்னொரு தொல்லை, மண்ணெண்ணெய் எஞ்சினுக்குள் உரிய வேளைக்கு முன்னரே வெடித்துத் ‘தட்டும்’. அமுக்கம் கூடிய எஞ்சினில் அந்தத் தட்டல் பிஸ்ரனையே உடைத்துவிடும். இங்கேதான் பழைய காருக்கு அதிர்ஷ்டம் இருந்தது. போர்க்காலம் தொடங்கி 1953 வரை இங்கிலாந்தில் எல்லாருக்கும் ஒரே தரங்குறைந்த பெற்றோலே விற்கப்பட்டது. அதற்கேற்ற குறைந்த அமுக்கத்தோடு செய்யப்பட்ட எஞ்சின், நாற்பது ஆண்டு கழித்து எங்கள் பஞ்சத்துக்கும் ஈடுகொடுத்தது. ஐயா அதுவும் போதாதென்று எஞ்சின் தலையின் கீழ் ஒன்றுக்கு இரண்டாகக் கஸ்கெற் வைத்து அமுக்கத்தை மேலும் குறைத்திருந்தார். வெண்புகை கக்கிக்கொண்டு, ஊரெல்லாம் மணக்க மணக்க ஓடிற்று கார். மணவறைக்கு மாப்பிள்ளை போன காரும் அதுவே. மாப்பிள்ளையின் பட்டு வேட்டியிலும் மண்ணெண்ணெய் மணக்கும்.

மருமகன் திரும்பிப் போகுமுன் ஒரு தாளிலே நிரல் எழுதித் தந்தான். தலைப்பு: ‘கழற்றவேண்டியவை’. முதலாவது பேணி, இரண்டாவது சுருள், மூன்றாவது திருகு. அந்த நிரலை நான் வேதவாக்காகக் கொண்டேன். ஓய்வு பெற்ற மனிதனுக்கு ஒருவர் வேலை சொல்லித் தருவது ஒரு பாக்கியம். 2019 தையில் ஒரு காலை, கராஜ் அண்ணையைத் துணைக்கு வைத்துக்கொண்டு மூன்றையும் கழற்றினேன். அன்று மத்தியானமே பழைய இரும்பு வாங்குபவன் ஒழுங்கைக்குள் வந்தான். செப்புக்கும் பித்தளைக்கும் நல்ல விலை சொன்னான். கொடுத்துவிட்டேன். துருப்பிடித்த பேணியை அவன் வேண்டாமென்று முருங்கையடியில் எறிந்துவிட்டுப் போனான்.

பின்னேரம் அம்மா கோழிக்குத் தீன் போட வந்தவர் பேணியைக் கண்டார். எடுத்து முந்தானையால் துடைத்தார்.

“மற்றது எங்கை?” என்றார்.

சொன்னேன். அம்மா ஏசவில்லை. பேணியைக் கொண்டுபோய்ச் சாமியறைத் தட்டிலே வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். இரவு சாப்பிடவும் எழும்பவில்லை.

அந்த இரவு எனக்கும் உறக்கமில்லை. 1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு என் நினைவில் வந்து நின்றது. வலிகாமத்தை விட்டு எல்லாரும் வெளியேறவேண்டும் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டு போனதும், இலட்சக்கணக்கான மக்கள் ஒரே இரவில் தென்மராட்சிக்குப் புறப்பட்டதும், மழை கொட்டியதும் இவ்வூரில் எவருக்கும் புதிய கதையல்ல. எங்கள் காரில் அம்மா, அம்மம்மா, நிறைமாதத்தை நெருங்கிய தங்கை, அயலார் குழந்தைகள் மூவர். நானும் தங்கையின் கணவரும் இரு பக்கமும் நடந்தோம். நாவற்குழிப் பாலத்தை நோக்கிக் கூட்டம் எறும்பு ஊர்வதுபோல் ஊர்ந்தது. கார் அதிலும் மெதுவாக ஊர்ந்தது.

ஐயாவின் கண் வீதியில் இருக்கவில்லை. காது எஞ்சினில் இருந்தது. நின்றால் எஞ்சின் தணியும். தணிந்தால் மண்ணெண்ணெய் எரியாது. மீண்டும் கிளப்பப் பெற்றோல் வேண்டும். பேணியில் இருந்ததோ ஒரு கோப்பை அளவும் இல்லை. மாறாக, காற்றோட்டமில்லாமல் ஊர்ந்துகொண்டே இருந்தால் தண்ணீர் கொதிக்கும். ஐயா சூட்டைக் காப்பதற்காக முன்னே கட்டியிருந்த மட்டையை அவிழ்த்தெறிந்தார். நான் மழை நீரைச் சட்டியில் ஏந்தி ஏந்திக் கொடுத்தேன். இரு தடவை எஞ்சின் நின்றது. முதல் தடவை திருகைத் திறந்து ஏழெட்டுத் துளி விட்டார், கிளம்பிற்று. இரண்டாம் தடவை பேணியைக் கழற்றி, கடைசித் துளிவரை வழித்து, கார்புரேற்றரின் வாயிலேயே ஊற்றினார். “முருகா” என்று ஒரு சொல் சொன்னார். அந்த இரவு முழுவதும் அவர் பேசியது அவ்வளவுதான். விடியும்போது பாலத்தைக் கடந்து கைதடியில் இருந்தோம். ஒன்றரை மாதங் கழித்துச் சாவகச்சேரியிலே தங்கைக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. நிரல் எழுதித் தந்தவன் அவனே.

மறுநாள் விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பழைய இரும்புக் கடைக்குப் போனேன். முதல்நாள் இரவே லொறி கொழும்புக்குப் புறப்பட்டுவிட்டது என்றார்கள். கடையின் பின்புறத்தில் மிஞ்சிக் கிடந்த குவியலையும் கிளறிப் பார்த்தேன். இல்லை.

அதன்பின் வேலை நடந்தது; ஆனால் நிரலை நான் மடித்து வைத்துவிட்டேன். இறுகிக் கிடந்த எஞ்சினுக்குள் பிளக்குத் துளைகள் வழியே டீசலை ஊற்றி ஒரு கிழமை ஊறவிட்டு, முன்னால் ஹாண்டிலைப் போட்டு நானும் கராஜ் அண்ணையும் மாறி மாறிச் சுற்றினோம். அசைந்தபோது அண்ணை அழுதேவிட்டார். அவர் ஐயாவிடம் தொழில் பழகியவர். தளத்தகடு உப்புக் காற்றில் இற்றுப்போயிருந்ததால் புதிதாக வெட்டி ஒட்டினோம். இலங்கையில் 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஈயமின்றி அந்தப் பழைய வால்வுகளின் இருக்கைகள் தேய்ந்துவிடும் என்பதால் கடினமான உருக்கு வளையங்கள் பொருத்தினோம். பக்கத்தூணிலிருந்து நீளும் பழைய கைகாட்டிகளை அப்படியே வைத்துக்கொண்டு, மின்னி மறையும் விளக்குகளையும் சேர்த்தோம். இதற்கு மருமகன் தொலைபேசியில் மறுப்புச் சொல்லவில்லை. எவ்வளவு கடுமையான தூய்மைவாதியும் பொலிசார் என்றதும் சற்றுத் தளர்ந்துவிடுவான் போலும். 2020இலிருந்து இறக்குமதிக் கட்டுப்பாடுகள், பின்பு 2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை. அந்த நாட்களில் அயலிலுள்ள இளைஞனொருவன் வந்து, “உங்கடை ஐயாவின்ரை மண்ணெண்ணெய்ச் சுருள் எப்பிடி?” என்று கேட்டான். வரைந்து காட்டினேன். மண்ணெண்ணெயும் கிடைக்காததால் அது படமாகவே நின்றுவிட்டது.

வரைந்த தாளைக் கண்ட கராஜ் அண்ணை, “செப்புக் குழாய் வாங்கித் தாங்கோ, ஒரு மணித்தியாலத்திலை அச்சு அசலா வளைச்சுத் தாறன்” என்றார். எனக்கு ஆசை பிறந்தது. அம்மாவின் முகத்தை நினைத்தேன். அன்றிரவே மருமகனுக்குச் சொன்னேன். அதற்குள் அம்மம்மா அவனுக்கு அந்த இரவின் கதையைச் சொல்லியிருந்தார்.

சற்றுநேரம் அவன் பேசவில்லை. பிறகு, “வேண்டாம் மாமா” என்றான். அங்கே சில வியாபாரிகள், எஞ்சினின் உண்மையான இலக்கத்தை உரசி அழித்துவிட்டு, உடலோடு ஒத்துப்போகும் இலக்கத்தைப் பொறித்து, அசல் என்று விற்பார்களாம். தெரிந்தவர்கள் அதனைத் திருட்டினும் கீழாகக் கருதுவர் என்றான். “அப்பப்பாவா செய்தது? இல்லையே. நாங்கள் புதிதாகச் செய்து வைத்தால் அதுவும் அப்படித்தானே?” என்றான். தாத்தா என்று சொல்லவேண்டிய இடத்திலே பதற்றத்தில் அப்பப்பா என்றுவிட்டான். நான் திருத்தவில்லை.

ஆகவே சுருள் இல்லை. எஞ்சினுக்கு இப்பொழுது ஒரே கஸ்கெற், பெற்றோலிலேயே ஓடுகிறது. பேணியைச் சாமியறையிலிருந்து அம்மாவே எடுத்துத் தந்தார். பழைய இடத்திலேயே பூட்டினோம். சுருளைத் தாங்கிய பட்டியின் இரு துளைகள் மாத்திரம் தகட்டிலே வெறுமனே இருந்தன. பெயின்ற் அடிக்க வந்த தம்பி அவற்றை அடைக்கப் பசையைக் குழைத்து எடுத்தார். விட்டுவிடச் சொன்னேன். சரியான வேலை இல்லை என்று பெயர் கெட்டுவிடும் என அவர் வருந்தினார். எவரும் கேட்டால் வீட்டுக்காரன் சொன்னது என்று சொல்லும்படி கேட்டுக்கொண்டேன்.

2023 தையிலே, மருமகன் மறுபடி வந்திருந்தபோது, காரை முதன்முதலாக வீதியில் இறக்கினோம். ஓட்டியது நான். அவன் பக்கத்தில். அம்மா பின்னாசனத்தில், அன்று இருந்த அதே மூலையில். மருதனார்மடம் வரையிற் போய்த் திரும்பினோம். பாதி வழியில் அம்மா கண்ணாடியை இறக்கி வெளியே முகர்ந்தார்; பிறகு உள்ளேயும் முகர்ந்தார்.

“மண்ணெண்ணெய் மணக்கேல்லையே,” என்றார்.