கையேடு எழுதினேன்

நெல்லிக்குப்பத்தில் கரும்பு அரைவைப் பருவம் தொடங்கிவிட்டால் கடலூர்ச் சாலையில் பாரம் ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். காற்றிலே பாகின் மணம் கலந்திருக்கும். அப்படியொரு பருவத்தில்தான், 2012-ஆம் ஆண்டின் இறுதியில், என் வாழ்நாளில் நான் எழுதிய ஒரே நூல் உருவாயிற்று. நூல் என்பதுகூட மிகைதான். நோட்டு ஒன்றில் கையால் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, முதுகில் இரண்டு பின் அடித்த நாற்பது பக்கக் கையேடு. அதைப் பற்றி வாசக நேயர்களிடம் சொல்லித் தீர்க்க வேண்டிய கடன் ஒன்று நெடுநாளாய் என்னிடம் கிடக்கிறது.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிற்று. தொடக்கத்தில் வந்த கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. இயங்குதளம் என்பது, மின்விசையை அழுத்தியதும் முதலில் கண்விழித்து, திரை, விசைப்பலகை, வட்டு அனைத்தையும் கட்டி மேய்க்கும் தலைமை நிரல். ஒன்று எல்லாரும் அறிந்த விண்டோஸ். மற்றது பாஸ் லினக்ஸ். 'பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கமே பாஸ். டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை அடித்தளமாகக் கொண்டு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி, 2007-இல் வெளியிட்டது. தமிழிலே திரையை அமைத்துக் கொள்ளலாம், விலை கிடையாது, எவரும் படியெடுத்து எவருக்கும் வழங்கலாம்.

இத்தனை இருந்தும் எங்கள் தெருப் பிள்ளைகள் அதைத் திறந்தே பார்க்கவில்லை. "பாஸா ஃபெயிலா சார்?" என்று ஒருவன் கேலி செய்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாசற்படி எங்கே இருக்கிறதென்று காட்டாத வீட்டுக்குள் யார்தான் நுழைவார்கள்? கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றிருந்த நான், சென்னையிலுள்ள மருமகனிடம் சில மாதம் கேட்டுக் கற்று, கையேடு எழுத உட்கார்ந்தேன்.

முதற் பதிப்பை இப்போது புரட்டினால் வெட்கமாக இருக்கிறது. முதல் மூன்று பக்கங்களும் கணினியின் வரலாறு! பாபேஜ் முதல் பில் கேட்ஸ் வரை எழுதியிருந்தேன். கணினியைத் திறந்து வைத்துக் கொண்டு "எந்தப் பொத்தானை அழுத்தணும்?" என்று காத்திருக்கும் பிள்ளைக்குப் பாபேஜ் எதற்கு? கற்றவனுக்குத் தான் கற்றதைக் காட்டிக் கொள்ளும் ஆசை. அந்த ஆசைக்குத்தான் மூன்று பக்கம் செலவாயிற்று.

அதோடு போயிருந்தால் தாழ்வில்லை. இருபத்தேழாம் பக்கத்தில், பழுதுபட்ட கணினியில் பாஸை மீண்டும் நிறுவும் முறையை எழுதியிருந்தேன். வட்டின் எந்தப் பகுதியில் நிறுவுவது என்று திரை கேட்கும். 'முதல் தெரிவைத் தேர்ந்து, தொடர்க' என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். முதல் தெரிவு, வட்டு முழுவதையும் பயன்படுத்துவது. அதாவது, அதிலுள்ள அனைத்தையும் அழித்துவிட்டுப் புதிதாகக் குடியேறுவது. நான் பழகிய கணினி வெறுமையானது. அழிய அதில் ஒன்றுமில்லை. ஆகவே அந்த வரி என் கண்ணை உறுத்தவே இல்லை.

பிளஸ் டூ படித்த ஒரு மாணவி கையேட்டைப் பார்த்து அப்படியே செய்தாள். எழுத்துப் பிசகாமல் செய்தாள். அவளுடைய தந்தை சவூதியிலிருந்து திரும்பி, முந்தைய ஆண்டுதான் மவுத்தாகியிருந்தார். அவருடைய கைப்பேசியிலிருந்த படங்களையெல்லாம் அந்த மடிக்கணினியில்தான் ஏற்றி வைத்திருந்தாள். கைப்பேசியோ விற்கப்பட்டுவிட்டது.

செய்தி கேட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மருமகனைத் தொலைபேசியில் பிடித்து, மீட்டெடுக்கும் நிரல்களை ஓட்டிப் பார்த்தோம். பழைய எழுத்துகளின் மேல் புதியவை எழுதப்பட்டுவிட்டதால் பதினொரு படங்களே மீண்டன. அவற்றிலும் நான்கில்தான் அவர் முகம் இருந்தது. அந்தப் பிள்ளையின் தாயார் தேநீர்க் குவளையை என் முன்னே வைத்து, "புள்ளைக்கு மெஷின் ஓடுதுல்ல சார், அது போதும்" என்றார். அவர் என்னை ஏசியிருக்கலாம். ஏசாமல் விட்டதுதான் பல நாள் என் தூக்கத்தைக் கெடுத்தது.

கையேட்டைத் திரும்ப எழுதினேன். இம்முறை முறையை மாற்றினேன். அஸருக்குப் பின் திண்ணையில் யாரேனும் ஒருவரை உட்கார வைத்து, கையேட்டையும் கணினியையும் கொடுத்துவிட்டு, நான் வாய் திறப்பதில்லை என்று உறுதி கொண்டேன். முப்பதாண்டு வகுப்பறையில் பேசியே பழகியவனுக்கு இது எத்துணைக் கடினம்! விரல் எங்கே தயங்கி நிற்கிறதோ அந்த இடத்தில் மட்டும் பென்சிலால் கோடிடுவேன். 'கோப்பு' என்ற சொல்லில் பலருடைய விரல் நின்றது. 'ஃபைல்' என்றால் அறிந்தவர்களுக்குக் கோப்பு புதிராக இருந்தது. நகராட்சி அலுவலகத்துக்கு அலைந்திருந்த ஒரு பெரியவர் மட்டும், "நம்ம ஃபைல் கட்டுதானே?" என்று தாண்டிப் போய்விட்டார். சொல்லை மாற்றவில்லை, அவருடைய விளக்கத்தைப் பக்கத்தில் சேர்த்துக் கொண்டேன்.

தமிழ்99 விசைப்பலகையை விளக்க நான்கு பக்கம் எழுதியிருந்ததை ஒரு பக்கமாக்கினேன். உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு விசைகள் போதும். மகரம் இருமுறை வந்தால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். இதைச் செய்து பார்த்த குழந்தைகளின் முகத்தைக் காண வேண்டுமே!

அந்நாளில் படித்த செய்தி ஒன்று என்னை உலுக்கிற்று. யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்துக்குக் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1971 நவம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் முதற் கையேட்டைத் தந்தனர். அதில் ஒவ்வொரு கட்டளைக்கும் உரிய பக்கத்தில் 'பிழைகள்' என்றொரு பகுதிக்கு இடம் வைத்திருந்தார்கள். இது இந்த இடத்தில் சரியாக வேலை செய்யாது என்று தாமே எழுதிவிடுவார்கள். அதற்கும் கீழே 'உடையவர்' என்று, அதற்குப் பொறுப்பானவரின் பெயர். உலகறிந்த மேதைகள் செய்ததைச் செய்ய எனக்கென்ன கூச்சம்?

இரண்டாம் பதிப்பின் இருபத்தேழாம் பக்கம் இப்படித் தொடங்கிற்று: 'நில். இந்தக் கணினியில் உனக்கு வேண்டிய படமோ பாடமோ இருக்கிறதா? முதலில் அதை வேறிடத்தில் எடுத்து வை. எடுத்து வைக்கும் முறை பத்தொன்பதாம் பக்கத்தில்.' பக்கத்தின் அடியில், முன் பதிப்பில் இந்த எச்சரிக்கை இல்லாததால் ஒரு வீட்டில் நேர்ந்ததையும், அதன் கீழே என் பெயரையும் எழுதினேன்.

முதற் படியை அந்த மாணவியிடம் கொண்டு போனேன். அப்போது அவள் கடலூரில் கல்லூரிக்குப் போய்க் கொண்டிருந்தாள். இருபத்தேழாம் பக்கத்தை ஒன்றும் பேசாமல் இருமுறை படித்தாள். பிறகு பத்தொன்பதாம் பக்கத்தைப் புரட்டி வெகுநேரம் பார்த்துக் கொண்டிருந்தாள்.

"சார், படத்தைப் பென் டிரைவுல போடறது வரைக்கும் சரி. உடனே உருவிட்டா சில சமயம் பதியாது. முதல்ல கழற்றச் சொல்லிட்டு, அப்புறம்தான் எடுக்கணும். அதை எழுதலையே?"

சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அவளிடம் கொடுத்தேன். ஓரத்தில் எழுதினாள்.