நடுவுல கொஞ்சம் இடம் விடுங்க!

'செட்பேக்'னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? போன செமஸ்டர் அரியரா? ரெண்டு ப்ளூ டிக் விழுந்தும் பதில் வராத மெசேஜா? எங்க சிவில் டிபார்ட்மென்ட்ல கேட்டுப் பாருங்க... வேற பதில் வரும். கட்டடத்துக்கும் மனை எல்லைக்கும் நடுவுல கட்டாயமா காலியா விட வேண்டிய இடத்துக்குப் பேருதான் செட்பேக். காலேஜ்ல அது ரெண்டு மார்க் கேள்வி. எங்க வீட்ல அது மூணு வாரம் ஓடின மெகா சீரியல்!

நான் சிவில் மூணாவது வருஷம். அப்பா வேன் ஓட்டுறார். பல வருஷம் சீட்டுப் போட்டு, சொந்த ஊர்ல ஒரு சின்ன மனை வாங்கினார். 26 அடி அகலம், 50 அடி நீளம். கிட்டத்தட்ட 3 சென்ட். போன லீவுல பேங்க் லோன் கிடைச்சதும், "வீட்டுக்கு ஒரு இன்ஜினீயர் இருக்கும்போது நமக்கென்ன கவலை?"னு ஒரு ஃபைலைத் தூக்கி என் கையில குடுத்துட்டார். இன்ஜினீயர் ஆக இன்னும் மூணு செமஸ்டர் பாக்கி இருக்குங்கிற உண்மை அவர் காதுல ஏறவே இல்லை.

முதல் நாளே மொழிப் பிரச்னை. கொத்தனார் வந்து, "பேஸ்மென்ட் எவ்வளவு உசரம் வேணும் பாப்பா?"ன்னு கேட்டார். எங்க புத்தகத்துல பேஸ்மென்ட்னா தரைக்குக் கீழே இருக்குற தளம். ஜவுளிக்கடையில கார் நிறுத்துவாங்களே, அது! கொத்தனார் பாஷையில பேஸ்மென்ட்னா, தரைக்கு மேல ரெண்டு, மூணு அடி உசத்திக் கட்டுறது. அதாவது நாங்க 'பிளின்த்'னு படிக்கிற சமாச்சாரம். ஒரே வார்த்தை, ஒருத்தருக்குப் பூமிக்குக் கீழே, இன்னொருத்தருக்குப் பூமிக்கு மேலே!

சிரிச்சிட்டுப் போயிடலாம். ஆனா, இப்போ போக முடியாது. காரணம் இருக்கு. 2024 ஜூலையில தமிழக அரசு 'சுயசான்றிதழ்' திட்டம் கொண்டு வந்துச்சு. 2,500 சதுர அடி வரைக்கும் உள்ள மனையில, 3,500 சதுர அடிக்குள்ள, தரைத்தளம் அல்லது அதோட ஒரு மாடி வீடு கட்டுறவங்களுக்கு ஆன்லைன்லயே உடனடி அனுமதி. ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சவங்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனா, 'சுய'ங்கிற ரெண்டு எழுத்தைக் கவனிங்க. 'விதிப்படிதான் கட்டப்போறேன்'னு உறுதி சொல்றது நாமதான். அப்போ விதியில என்ன எழுதியிருக்குன்னு நமக்குத் தெரியணுமா, வேணாமா?

அதனால 'தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019'னு ரயில் வண்டி நீளத்துக்குப் பேர் வச்ச புத்தகத்தை உட்கார்ந்து படிச்சேன். அம்மா காபி குடுத்துக்கிட்டே, "எனக்கும் சொல்லேன்"னாங்க. இங்கிலீஷ்ல படிச்சு, தமிழ்ல சொல்லி... சொல்லச் சொல்லத்தான் எனக்கே புரிஞ்சுது.

முதல்ல எஃப்.எஸ்.ஐ. தமிழ்ல தளப்பரப்புக் குறியீடு. அம்மாவுக்கு தோசை மாவை வச்சு விளக்கினேன். மனை அளவை எஃப்.எஸ்.ஐ-யால பெருக்கினா வர்றதுதான் உங்களுக்கு அளந்து குடுத்த மாவு. அதை ஒரே ஊத்தப்பமா பரப்பி ஊத்தலாம், ரெண்டு தோசையா ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கலாம். மாவு மட்டும் தாண்டக் கூடாது. சென்னைப் பகுதியில முன்னாடி சாதாரணக் கட்டடங்களுக்கு 1.5 இருந்துச்சு. 2019 விதிகள்ல அது 2. எங்க 1,300 சதுர அடிக்கு 2,600 சதுர அடி மாவு. "அவ்வளவுக்குக் கையில காசு ஏது?"ன்னு அம்மா முடிச்சிட்டாங்க.

அடுத்தது, ஒரு கட்டடத்துல எத்தனை வீடுன்னு எப்படி எண்ணுறது? புழங்குறதுக்கும் சமைக்கிறதுக்கும் கழிப்பறைக்கும் தனித்தனி வசதி இருந்தா அது தனி வீடுன்னு சொல்லுது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. "இதைத்தானே நாங்க 'தனி அடுப்பு'ங்கிறோம்!"னாங்க அம்மா. கரெக்ட். ரேஷன் கார்டு பிரிக்கிறதுக்கும் நம்ம ஊர்ல அதே கணக்குதான்.

அப்புறம், இந்த விதிகள்ல நம்பர் எல்லாம் ஏன் இப்படிக் கோணல்மாணலா இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? 18.30 மீட்டரைத் தாண்டினா அது உயரமான கட்டடம். அதென்ன 18.30? 60 அடி, பாஸ்! 30.5 மீட்டர் ரோடுன்னா 100 அடி ரோடு. 1.5 மீட்டர்னா சுமாரா அஞ்சடி. சட்டம் மீட்டருக்கு மாறினாலும் மனசு இன்னும் அடியிலதான் இருக்கு. கொத்தனார்கிட்ட பேசும்போது அடியில சொல்லுங்க, பாதிப் பிரச்னை தீர்ந்துடும்.

இதுவரைக்கும் எல்லாம் சுமுகம். செட்பேக் வந்ததும்தான் இடி விழுந்துச்சு.

முன்பக்கம் அஞ்சடி விடணும்னு சொன்னப்ப அப்பா ஒத்துக்கிட்டார். "பைக் நிறுத்தலாம்." எங்க மனை அகலத்துக்குப் பக்கவாட்டுல ஒரு பக்கமாவது இடம் விட்டாகணும்னு சொன்னதும்தான் முகம் மாறுச்சு. அஞ்சடி அகலம், நாப்பதடி நீளம்... 200 சதுர அடி! "சதுர அடிக்குச் சதுர அடி காசு குடுத்து வாங்கினது. அதைச் சும்மா போட்டு வைக்கச் சொல்றியேம்மா"ன்னார். அவர் கேட்டதுல நியாயம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். அந்த 200 சதுர அடிக்குள்ள எத்தனை ராத்திரி சவாரி இருக்குன்னு எனக்குத் தெரியும்.

சரி, விட்டுத்தான் ஆகணும். எந்தப் பக்கம் விடுறது? இங்கதான் கதையே.

தெற்குல காலி மனை. அதோட சொந்தக்காரங்க வெளியூர். வடக்குல அத்தை வீடு. சொந்த அத்தை இல்லை, கூப்பிட்டுப் பழகின அத்தை. 22 வருஷத்துக்கு முன்னாடி அவங்க வீடு கட்டினப்ப, எங்க பக்கம் ஒரு அடி கூட விடாம எல்லையிலயே சுவர் எழுப்பிட்டாங்க. அந்தச் சுவத்துல அவங்க சமையல்கட்டு ஜன்னல். அது திறக்கிறது எங்க மனையைப் பார்த்து!

நாங்க தெற்குல இடம் விட்டு, வடக்குல ஒட்டிக் கட்டினா எங்களுக்குக் காத்து ஜோரா வரும். எனக்குன்னு ஒதுக்கின ரூமுக்குத் தெற்கு ஜன்னல் கிடைக்கும். ஹாஸ்டல்ல மூணு வருஷமா பாத்ரூம் சுவரைப் பார்த்துக்கிட்டுப் படிக்கிறவளுக்கு அது எவ்வளவு பெரிய கனவுன்னு உங்களுக்குப் புரியும். விதியும் ஒண்ணும் சொல்லாது. 'ஒரு பக்கம்'தானே கேட்குது? விட்டாச்சே! ஆனா, அத்தையோட சமையல்கட்டு அன்னையிலேர்ந்து இருட்டு.

"அவங்க நமக்காக இடம் விட்டாங்களா? நாம மட்டும் ஏன் விடணும்?" அப்பாவோட கேள்வி. தமிழ்நாட்டுல பாதி தெருச் சண்டை இந்த ஒரு வரியிலதானே ஆரம்பிக்குது!

நான் சட்டத்தைத் தேடினேன். 1882-ம் வருஷத்து இந்திய வசதியுரிமைச் சட்டத்துல, ஒரு கட்டடத்துக்கு வர்ற வெளிச்சத்தையும் காத்தையும் 20 வருஷம் தடையில்லாம, தகராறு இல்லாம உரிமையா அனுபவிச்சிருந்தா, அது சட்டப்படியான உரிமை ஆகுறதுக்கு இடம் இருக்கு. அத்தை ஜன்னலுக்கு 22 வயசு. அப்பாகிட்ட சொன்னேன். "நீ யாரு கட்சி?"ன்னு கேட்டார்.

அந்த வாரம் முழுக்க 'செட்பேக்'ங்கிற வார்த்தைக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தோண்டிக்கிட்டிருந்தேன். தோண்டினா, நியூயார்க் வந்துச்சு! 1915-ல அங்கே ஈக்விட்டபிள்னு ஒரு கட்டடம். மனை ஒரு ஏக்கருக்கும் கொஞ்சம் கம்மி. தெருவை ஒட்டி, எங்கயும் பின்வாங்காம, அப்படியே நேரா 500 அடிக்கு மேல எழுப்பிட்டாங்க. தளப்பரப்பு மனையைப் போல சுமார் 30 மடங்கு. எங்க எஃப்.எஸ்.ஐ. 2-ன்னு ஞாபகம் வச்சுக்குங்க! சுத்தியிருந்த கட்டடங்கள் எல்லாம் அதோட நிழல்ல மூழ்கிப்போச்சு. ஊரே கொந்தளிச்சுது. ஏற்கெனவே பேச்சுல இருந்த கட்டுப்பாட்டுக்கு அது வேகம் குடுக்க, 1916-ல அந்த நகரத்தோட மண்டலச் சட்டம் வந்துச்சு. மேலே போகப் போக உள்ளே தள்ளிக் கட்டுங்கிறது அதுல ஒரு விதி. எம்பயர் ஸ்டேட் பில்டிங் படிப்படியா ஒடுங்கி மேலே போறது அதனாலதான். ஆக, அடுத்தவங்க வெயிலை மறைக்காதேங்கிறதுதான் விஷயம். நியூயார்க்குக்கு 40 மாடி... எங்க தெருவுக்கு ஒரு சமையல்கட்டு ஜன்னல்.

இதையும் அப்பாகிட்ட சொன்னேன். "நியூயார்க் கதையெல்லாம் இருக்கட்டும்... நம்ம தாத்தா காலத்துல எல்லாரும் சுவரோட சுவர் ஒட்டித்தானே கட்டினாங்க? அவங்க எல்லாம் மூச்சு முட்டியா செத்தாங்க?"ன்னு ஒரு போடு போட்டார். நல்ல கேள்வி. ஒட்டித்தான் கட்டினாங்க. சென்னையில ஜார்ஜ் டவுன் மாதிரி பழைய இடங்களை இன்னைக்கும் 'தொடர் கட்டடப் பகுதி'ன்னு விதியே தனியா பிரிச்சு வச்சிருக்கு. ஆனா, அந்தக் காலத்து வீட்டுக்குள்ள முற்றம் இருந்துச்சே! வெளியில விடாத இடத்தை வீட்டுக்கு நடுவுல விட்டாங்க. வானம் வீட்டுக்குள்ள இறங்குச்சு. நாமதான் முற்றத்துக்கும் காங்கிரீட் போட்டுட்டு, சந்தையும் விட மாட்டேங்கிறோம்.

அப்பா பதில் சொல்லலை. ஆனா, சம்மதிச்ச மாதிரியும் இல்லை.

கடைசியில பஞ்சாயத்தை முடிச்சு வச்சது நானோ, 1882-ம் வருஷச் சட்டமோ இல்லை. கொத்தனார்! மனையில சுண்ணாம்புக் கோடு போட வந்தவர், வடக்கு எல்லையில நின்னு அத்தை வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்தார். "அண்ணே, இதை ஒட்டி எழுப்பினா வெளிப்பூச்சு எப்படிப் பூசுறது? சாரம் எங்கே கட்டுறது? பூசாத சுவரு. ரெண்டு சுவத்துக்கும் நடுவுல மழைத்தண்ணி இறங்கும். நாலு மழைக்கு ஓதம் ஏறி, உள்ளே அடிச்ச பெயின்ட் உரியும். அவங்க வீட்டுக்கும் கேடு, நமக்கும் கேடு. தெற்கால காலி மனைதான், அங்கே கேட்டு நின்னு பூசிக்கிடலாம்."

அவ்வளவுதான். அப்பா ரெண்டு நிமிஷம் யோசிச்சார். "வடக்கால அஞ்சடி விட்டுக் கோடு போடுங்க"ன்னார்.

எனக்குச் சந்தோஷம். கூடவே, சின்னதா ஒரு வலி. தெற்கு ஜன்னல் போச்சே! எல்லைச் சுவத்துல ஜன்னல் வச்சா என்னனு ஒரு நிமிஷம் கை அரிச்சுது. ஆனா, அது திறக்கிறது அடுத்தவங்க மனையைப் பார்த்து. நாளைக்கு அவங்க கட்ட வந்தா, நாமதான் அங்கே அத்தை! வேணாம்னு பிளான்ல தெற்குச் சுவரை மொட்டையா விட்டேன். என் ரூம் ஜன்னல் இப்போ வடக்குச் சந்தைப் பார்த்து இருக்கு.

விண்ணப்பம் போடுற அன்னிக்கு அப்பா சட்டுனு சரின்னு சொல்லலை. "இதுல என்னென்ன எழுதியிருக்கு, ஒண்ணொண்ணா சொல்லு"ன்னார். சொன்னேன். எஃப்.எஸ்.ஐ... மாவு. செட்பேக்... சந்து. டுவெல்லிங் யூனிட்... அடுப்பு. பிளின்த்... கொத்தனாரோட பேஸ்மென்ட். எல்லாத்தையும் கேட்டுட்டு, "இவ்வளவுதானா? இதை இப்படியே எழுதித் தொலைக்கலாமே"ன்னார். அந்த ஒரு வார்த்தைக்கு எங்க டிபார்ட்மென்ட்ல யார்கிட்டயும் பதில் இருக்கும்னு தோணலை.

சிவில் படிக்கிற நண்பர்களே, இந்த லீவுல ஒரு வேலை செய்யுங்க. உங்க வீட்டு பிளானைத் தேடி எடுங்க. இஞ்ச் டேப்பால வீட்டைச் சுத்தி அளங்க. பேப்பர்ல இருக்குற சந்து தரையில இருக்கான்னு பாருங்க. சிவில் படிக்காதவங்களும் அளக்கலாம், டேப் யாரையும் கேட்கிறதில்லை. அப்புறம் வீட்டுல யாராவது கட்டட வேலை ஆரம்பிச்சா, கையெழுத்துக்கு முன்னாடி அந்த வார்த்தைகளை அவங்க பாஷையில சொல்லிக் குடுங்க. உறுதி சொல்றது அவங்க பேர்ல.

எங்க வீடு இப்போ லிண்டல் மட்டத்துல நிக்குது. சந்துல மணலும் ஜல்லியும் கிடக்கு. வேலை முடிஞ்சதும் அந்த அஞ்சடியில ஒரு கறிவேப்பிலைக் கன்னு வச்சுக்கலாமான்னு அத்தை கேட்டு விட்டிருக்காங்க.

அப்பா இன்னும் பதில் சொல்லலை.