அண்ணா, சிக்கிக்காதா?

போன வருஷம் எங்கள் தெருவில் பிளஸ் டூ படிக்கும் நாலு பேருக்கு உயிரியல் சொல்லிக்கொடுத்தேன். மரபணு படியெடுத்தல் பாடம். டி.என்.ஏ ஒரு தண்டவாளம், ஆர்.என்.ஏ பாலிமரேஸ் அதில் ஓடும் ரயில், ஓட ஓட ஆர்.என்.ஏ நீண்டுகொண்டே வரும். நோட்டில் படமும் போட்டேன். எனக்கும் அப்படித்தானே சொல்லிக்கொடுத்தார்கள்!

ஒரு பெண் கேட்டாள். "அண்ணா, டி.என்.ஏ முறுக்கிக் கிடக்குன்னு நேத்து சொன்னீங்க. ரயில் அதைச் சுத்திச் சுத்திப் போனா பின்னாடி வர்ற நூல் சிக்கிக்காதா?"

"அதெல்லாம் சிலபஸ்ல இல்லம்மா" என்றேன். அவள் முகம் சுருங்கியது. அதற்குப் பிறகு அவள் கேள்வியே கேட்கவில்லை.

இந்த வருஷம் கல்லூரி செமினாருக்குப் படிக்கும்போதுதான் தூக்கிவாரிப் போட்டது. அவள் கேட்டது பெரிய விஞ்ஞானிகள் கேட்ட கேள்வி!

கணக்கு எளிது. சுமார் பத்து எழுத்துக்கு ஒரு முறுக்கு. பத்தாயிரம் எழுத்து உள்ள மரபணு மீது பாலிமரேஸ் முறுக்கோடு சுற்றிப் போனால், ஆர்.என்.ஏ டி.என்.ஏ மேல் ஆயிரம் சுற்று சுற்றிக்கொள்ளும். மனித செல்லில் இரண்டு மீட்டர் டி.என்.ஏ, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள உட்கருவுக்குள் மடங்கிக் கிடக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது.

1993-ல் ஆக்ஸ்போர்டில் பீட்டர் குக் குழுவினர் ஹீலா செல்களில் புதிதாக உருவாகும் ஆர்.என்.ஏ-வுக்கு அடையாளம் வைத்துப் பார்த்தார்கள். உட்கரு முழுக்கப் பரவி இருக்கவில்லை. 300 முதல் 500 புள்ளிகளில் மட்டும் மின்னியது. அவற்றைப் படியெடுக்கும் தொழிற்சாலைகள் என்றார்கள். குக் சொன்னது இதுதான்: பாலிமரேஸ் அங்கே நிலையாக இருக்கிறது, டி.என்.ஏ-தான் அதன் வழியாக இழுக்கப்படுகிறது.

வீட்டில் அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். ஊசி இருந்த இடத்திலேயே இருக்கிறது, துணிதான் நகர்கிறது. இத்தனை வருஷமாகக் கண் முன்னால் இருந்த உதாரணம்!

தள்ளி இருக்கும் மரபணுக்கள் ஒரே புள்ளியில் கூடுவதும் உண்டு. 2007-ல் பீட்டர் ஃப்ரேசர் குழுவினர் எலியின் பி செல்களில், வேறு வேறு குரோமோசோமில் உள்ள மிக் மரபணுவும் ஆன்டிபாடி மரபணுவும் ஒரே தொழிற்சாலையில் சேர்வதைக் காட்டினார்கள். பர்கிட் லிம்போமா என்ற புற்றுநோயில் உடைந்து மாறி ஒட்டிக்கொள்வது இந்த ஜோடிதான்.

ஆனால் கதை முடியவில்லை. உயிருள்ள செல்களைப் பார்த்தபோது பல பாலிமரேஸ் கூட்டங்கள் சில நொடிகளில் கலைந்துவிட்டன. 2018-ல் வந்த ஆய்வுகள், பெரிய கூட்டங்கள் எண்ணெய்த் துளிகள் போல ஒன்றோடொன்று சேர்வதைக் காட்டின. நிரந்தரத் தொழிற்சாலையா, தோன்றி மறையும் துளியா என்ற விவாதம் இன்னும் ஓடுகிறது. ரயில் படமும் முழுக்கத் தப்பில்லை, குழாயில் தனியாக எடுத்த டி.என்.ஏ மீது பாலிமரேஸ் நகரத்தான் செய்கிறது.

போன ஞாயிறு அவள் வீட்டுக்குப் போய், "அன்னைக்கு நீ கேட்டது சரியான கேள்விம்மா, எனக்குத்தான் பதில் தெரியலை" என்றேன். தையல் மெஷினைச் சொன்னேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ துணியை யாருண்ணா இழுக்கறது?" என்றாள்.

பாலிமரேஸ்தான் என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்தினேன். "வா, சேர்ந்து படிக்கலாம்" என்றேன்.