கோப்பில் இருந்த 2 கிலோவாட்

விடுமுறைக்கு வந்த பேரன் கம்ப்யூட்டரில் கோடும் புள்ளியுமாக ஏதோ போட்டுக்கொண்டிருந்தான். எலக்ட்ரிகல் படிக்கிறான். "என்னடா, கோலமா?" என்றேன். "நம்ம தெரு கரண்ட் லைன் தாத்தா" என்றான்.

ஓபன்டிஎஸ்எஸ் என்ற இலவச மென்பொருளாம். அமெரிக்க மின்சார ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று 2008இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. டிரான்ஸ்பார்மர், கம்பியின் நீளம், வீட்டுக்கு வீடு லோடு எல்லாம் எழுதிக் கொடுத்தால், எந்தக் கம்பத்தில் எத்தனை வோல்ட் என்று நொடியில் சொல்லிவிடுகிறது. ரேடியோ, டிவிக்குள் இருக்கும் சர்க்யூட்டுகளுக்கு ஸ்பைஸ் என்று வேறொன்று. 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அதற்கு முன்னோடியின் பெயர் கேன்சராம்! மாற்றினார்களே, புண்ணியம்.

"உள்ளே என்னடா கணக்கு?" என்றேன். "கிர்க்காஃப் விதிதான் தாத்தா." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1845இல் மாணவராக இருந்தபோதே கிர்க்காஃப் கண்ட அந்த இரண்டு விதிகளையும் நான் பிரெஞ்சில்தான் படித்தேன்: லுவா தே நே, லுவா தே மாய். நே என்றால் முடிச்சு, மாய் என்றால் வலைக்கண். எங்கள் வாத்தியார் ஒரு மீன்வலையை மேசையில் விரித்துப்போட்டே பாடம் நடத்தினார். முடிச்சுக்கு வருகிற கரண்ட் அத்தனையும் அதைவிட்டு வெளியே போயாக வேண்டும். வலைக்கண்ணை ஒரு சுற்று சுற்றிவந்தால் வோல்ட்டின் ஏற்ற இறக்கம் சரிக்குச் சரி. இன்றுவரை மறக்கவில்லை.

"ஒரு வீட்டுக்கு எவ்வளவு லோடு போடட்டும் தாத்தா?"

"2 கிலோவாட் போடு" என்றேன். நாற்பது வீட்டுக்கும் அதையே போட்டான். கடைசி வீட்டில் 221 வோல்ட். 230இல் 6 சதவீதம் வரை குறையலாம் என்பது பழைய விதி. ஆகவே பிழையில்லை.

அந்த 2 கிலோவாட் என் வாயில் தானாக வந்தது. புதிய இணைப்புப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தபோது அதைத்தான் எழுதினேன். கூடுதல் டெபாசிட்டுக்குப் பயந்து ஜனங்கள் ஏசியை மறைப்பார்கள். எனக்கும் தெரியும், மேலே இருந்தவர்களுக்கும் தெரியும். ஒரு மே மாதம் ஒரு தெருவில் டிரான்ஸ்பார்மர் எரிந்து, மூன்று நாள் கரண்ட் இல்லை. படுத்த படுக்கையாய் இருந்த அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு ஓர் அம்மாள் என் மேசைக்கு வந்தார். கோபப்படவில்லை. "எங்க தெருவுல எத்தனை ஏசி ஓடுதுன்னு இங்க யாருக்குமே தெரியாதா சார்?" என்று மட்டும் கேட்டார். நான் கோப்பைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"அழிடா அதை" என்றேன்.

சாயங்காலம் இருவரும் தெருமுனையிலிருந்து நடந்தோம். மாடிச் சுவர்களில் மாட்டியிருந்த ஏசிப் பெட்டிகளை அவன் எண்ண, நான் பழைய டைரியில் வீட்டு எண்ணோடு குறித்துக்கொண்டேன். 23. அதில் இரண்டு நம் வீட்டுடையவை.

திரும்பி வந்து மறுபடி ஓட்டினான். கடைசி வீட்டில் 198 வோல்ட்.