எட்டாயிரம் சுற்று

மின்சாரக் கித்தாருக்கு ஜீவநாடியான பிக்கப்பைக் கையாலேயே சுற்றித் தருகிறவர்களின் தொழிலை அருகிலிருந்து பார்க்கும் பாக்கியம், லாஸ் ஏஞ்சல்ஸில் வசிக்கும் என் தமக்கை மகன் தன் வாத்தியத்திலுள்ள பழைய பிக்கப்புகளை மாற்றியே தீருவது என்று புறப்பட்டபோது நானும் அவனோடு தொற்றிக்கொண்டதால் எனக்குக் கிட்டியது. பட்டறை இருந்தது ஃபுல்லர்ட்டன் நகரத்துக்கு அருகில். லியோ ஃபெண்டர் 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரை உலகத்துக்கு அளித்த ஊர் அது. அவருடைய தொழிற்சாலையில் 1956-இல் சேர்ந்து, நிர்வாகங்கள் மாறியும் தொழிற்சாலை இடம் மாறியும் தாம் மாறாமல், 2013 வரையில் கம்பி சுற்றிய அபிகெயில் இபாரா என்ற அம்மையாரின் பெயரைக் கித்தார்க்காரர்கள் இன்றும் பயபக்தியோடு சொல்லுகிறார்கள். வாசித்தவர் பெயர் விளங்க, வாத்தியத்துக்காக உழைத்தவர் பெயர் மறைந்துபோவதே லோக சம்பிரதாயமாக இருக்கையில், இந்த ஒரு விலக்கு எனக்கு மிகுந்த திருப்தியைத் தந்தது.

எஃகுத் தந்தி பிக்கப்பிலுள்ள காந்தத்தின் எதிரே அதிரும்போது, அக்காந்தத்தைச் சூழ்ந்த செம்புச் சுருளில் அற்பமான மின்சாரம் எழுகிறது; அதைப் பெருக்கினால் நாதம். தத்துவம் இவ்வளவுதான், சூட்சுமமெல்லாம் சுருளில் இருக்கிறது.

சுற்றிக்கொண்டிருந்த மெக்ஸிகோ தேசத்து அம்மாள், ஆறு காந்தத் தண்டுகள் நாட்டிய பாபினை மோட்டாரில் பொருத்தி, தலைமயிர் அளவே கனமுள்ள எனாமல் பூசிய 42-ஆம் எண் கம்பியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே ஓடவிட்டு, கையை இடமும் வலமுமாக அசைத்தபடி ஏறக்குறைய 8000 சுற்று சுற்றுகிறாள். இறுக்கினால் கம்பி அறும். தளர்த்தினால் சுருள் தானே அதிர்ந்து, ஒலிபெருக்கியில் வீலென்று கத்தும். அதைத் தடுக்கவே, முடிந்த சுருளைப் பாரஃபினும் தேன்மெழுகும் கலந்து உருக்கிய பாத்திரத்தில் முக்கி, காற்றுக் குமிழிகள் அடங்கும்வரை வைத்திருக்கிறார்கள். இயந்திரம் சுற்றும் ஒழுங்கைவிடக் கையின் ஒழுங்கின்மையே மேல்ஸ்தாயியை மங்காமல் காக்கிறது என்பது அங்குள்ளவர்களின் சித்தாந்தம். அதில் பாதி நியாயமும் பாதி தொழிலபிமானமும் இருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

"மின்தடையின் ஓம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு பலம், மாமா" என்று வழியெல்லாம் எனக்கு உபதேசித்து வந்த பையன், அவளிடமும் அந்தக் கணக்கையே கேட்டான். அவள் பதில் சொல்லாமல், இரண்டு சுருள்களை எடுத்து மீட்டரில் காட்டினாள்: ஒன்று 6 கிலோ ஓம், மற்றது 7-க்கு மேல். இரண்டிலும் சுற்று ஒன்றுதான். இரண்டாவது, இன்னும் மெல்லிய 43-ஆம் எண் கம்பி. கம்பி மெலிந்ததால் தடை கூடிற்றேயொழியப் பலம் கூடவில்லை. விளம்பரங்களில் அந்த எண்ணைப் பெரிதாக அச்சிட்டு விற்கிறவர்களை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

"உனக்கு எது குறையாக இருக்கிறது, மகனே?" என்றாள். தடித்த தந்தியை மேல்கட்டைகளில் வாசித்தால் சுருதி குழம்புகிறது என்றும், தந்திகள் ஊன்றிநிற்கும் பிரிட்ஜ் பக்கத்து ஒலி மெலிந்து கீச்சிடுகிறது என்றும், பக்கத்தில் விளக்கு எரிந்தால் இரைகிறது என்றும் அவன் மூன்று புகார் சொன்னான். முதலாவதற்கு அவள் எடுத்தது திருப்புளி ஒன்றுதான். கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பைச் சற்றே இறக்கியதும், காந்தம் தந்தியைப் பிடித்திழுப்பது நின்று சுருதி தெளிந்தது. இரைச்சலை அடியோடு ஒழிக்க விரும்பினால், காந்தமும் சுற்றும் ஒன்றுக்கொன்று எதிராக அமைந்த இரட்டைச் சுருள் வேண்டும். கிப்ஸன் கம்பெனியின் ஸெத் லவர் 1955-இல் அந்த யுக்திக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஆனால் இரைச்சலோடு ஒற்றைச் சுருளின் கூர்மையும் பெரும்பாலும் போய்விடும் என்றாள். பையன் கூர்மையே வேண்டும் என்றான்.

எஞ்சியது பிரிட்ஜ் ஒன்றே. தந்தியின் அசைவு அங்கே குறைவாதலால், சில நூறு சுற்றுகள் கூட்டிப் புதிதாகச் சுற்றுவதாக முடிவாயிற்று. அவள் ஒரு சிறு திசைகாட்டியை நடுப் பிக்கப்பின்மேல் பிடித்து, முள் திரும்பிய பக்கத்தையும், மீட்டரால் அறிந்த சுற்றின் திசையையும் சீட்டில் குறித்துக்கொண்டாள். இவ்விரண்டும் பொருந்தாமல் போனால், புதியதையும் நடுவிலுள்ளதையும் சேர்த்து வாசிக்கும்போது ஒலி சோகை பிடித்துப்போகுமாம். மூன்று பிக்கப் வாங்கப் போய் ஒன்றுக்கு மட்டும் முன்பணம் கொடுத்துத் திரும்பியதில் என் தமக்கைக்குப் பரம சந்தோஷம்; பையனுக்குத்தான் சிறிது ஏமாற்றம்.